ஒரு துளி ரத்தம் சொல்லும் சாட்சி!

டி.என்.ஏ. பொய் சொல்லாது, படிப்பவர் தவறினால் உயிர் போகும்

காவிரிக் கரையில் இருக்கிறது திருக்காட்டுப்பள்ளி. காவிரியிலிருந்து குடமுருட்டி ஆறு பிரிகின்ற ஊர். சுற்றிலும் நெல் வயல்கள்.

அந்த ஊர்க் கடைத்தெருவில் ஒரு டீக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை 6 மணி. ஒரு விவசாயி வருகிறார். "அண்ணே, ஒரு டீ போடுங்க" என்கிறார். குடிக்கிறார். டம்ளரை வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுகிறார்.

அன்று இரவு, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போகிறது. திருடன் தன்னோடு எடுத்து வந்த டம்ளர் ஒன்றை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிட்டான். அந்த டம்ளரின் விளிம்பில் எச்சில் இருக்கிறது. சோதனை செய்கிறார்கள். அது அந்த விவசாயியின் எச்சில்!

அப்படியானால் அவர்தான் திருடனா?

இல்லை. திருடன் டீக்கடையிலிருந்து டம்ளரை எடுத்துப் போயிருக்கிறான். டம்ளர் அந்த வீட்டுக்குப் போனது. விவசாயி போகவில்லை!

இது கற்பனைக் கதைதான். ஆனால் இதற்குள் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. துப்புத் துலக்குகிறவர்கள் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

ஒன்று: இது யாருடையது?

இரண்டு: இது அந்த இடத்துக்கு எப்படி வந்தது?

மூன்று: அந்த இடத்திலிருந்து சோதனைச்சாலைக்கு எப்படி வந்தது?

முதல் கேள்விக்கு மட்டுமே டி.என்.ஏ. சோதனை பதில் சொல்லும். மற்ற இரண்டுக்கும் மனிதர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் சரியாக இல்லாததால் தூக்குத் தண்டனையிலிருந்து ஒருவர் விடுதலையான வழக்கு நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது.

சுருளி அருவியில்...

தேனி மாவட்டத்தில் இருக்கிறது சுருளி அருவி. 2011-ம் ஆண்டு மே மாதம் அங்கே போன ஓர் இளம் ஜோடி வீடு திரும்பவில்லை. சில நாட்கள் கழித்து இருவரும் பிணமாகக் கிடந்தார்கள். அந்தப் பெண் மானபங்கப்படுத்தப்பட்டுக் கொலை செய்யப்பட்டதாக வழக்கு.

கொலையைக் கண்ணால் கண்ட சாட்சி யாரும் இல்லை. போலீசார் ஒருவரைப் பிடித்தார்கள். இறந்த பெண்ணின் உடலிலிருந்து எடுத்த மாதிரியையும், பிடிபட்டவரின் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் பொருந்துவதாக டி.என்.ஏ. அறிக்கை வந்தது.

2018-ல் கீழ்க்கோர்ட்டு அவருக்கு மரண தண்டனை விதித்தது. 2019-ல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. வழக்கு டெல்லிக்கு, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

அங்கே என்ன நடந்தது? அதைச் சொல்வதற்கு முன்னால், டி.என்.ஏ. என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

உடம்புக்குள் ஓர் ஏடு

நம் உடம்பு கோடானுகோடி அணுக்களால் ஆனது. இவற்றுக்கு உயிரணு என்று பெயர். ஏறக்குறைய ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் நூல் போன்ற ஒரு பொருள் சுருண்டு கிடக்கிறது. அதுதான் டி.என்.ஏ.

கண் எந்த நிறம், முடி சுருட்டையா, நேரா என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. பாதி தாயிடமிருந்து வந்தது. பாதி தகப்பனாரிடமிருந்து வந்தது.

எச்சில், ரத்தம், வேரோடு வந்த தலைமுடி, எலும்பு, பல், எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ரத்தத்தில் சிவப்பு அணுக்களில் அது இல்லை. வெள்ளை அணுக்களில்தான் இருக்கிறது.

மனிதருக்கு மனிதர் இந்த ஏட்டில் 100-க்கு 99 பாகத்துக்கும் மேல் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபடுகிற சிறிய பகுதிதான் ஆளைக் காட்டிக் கொடுக்கிறது.

கோலத்தில் எத்தனை புள்ளி?

மார்கழி மாதத்தில் தெருவில் நடந்து பாருங்கள். ஒரு வீட்டு வாசலில் 9 புள்ளிக் கோலம். அடுத்த வீட்டில் 13 புள்ளி. எதிர்வீட்டில் 15 புள்ளி.

டி.என்.ஏ.யிலும் இப்படித்தான். சில இடங்களில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு 9 தடவை வரும். இன்னொருவருக்கு 13 தடவை வரும். அதை எண்ணுவதுதான் சோதனை.

ஓர் இடத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று தாய் கொடுத்தது. மற்றது தந்தை கொடுத்தது. தந்தைக்கு 12, 15. தாய்க்கு 9, 13 என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு 9, 15 வரலாம். 9, 12 வரலாம். 13, 12 வரலாம். 13, 15 வரலாம். 12-ம் 15-ம் சேர்ந்து வராது. இரண்டும் தந்தையுடையவை அல்லவா?

ஓர் இடத்தை மட்டும் எண்ணினால் ஊரில் பலருக்கும் ஒரே எண்கள் இருக்கும். அதனால்தான் 15, 20 இடங்களில் எண்ணுகிறார்கள். 20 வாசலிலும் ஒரே மாதிரிக் கோலம் போட்ட இரண்டு தெருக்கள் உண்டா? கிடைப்பது மிக மிக அரிது. அதுபோலத்தான் இதுவும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு இந்த எண்கள் ஒன்றாகவே இருக்கும்.

முதலில் காப்பாற்றியது!

1984-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி. இங்கிலாந்தில் லெஸ்டர் சர்வகலாசாலையில் அலெக் ஜெஃப்ரிஸ் என்ற விஞ்ஞானி, தம் சோதனையின் படத்தைப் பார்த்தார். ஆளுக்கு ஆள் வேறுபடுகின்ற கோடுகள் அதில் தெரிந்தன. டி.என்.ஏ. ரேகை பிறந்தது.

அந்தப் பகுதியில் 1983-லும் 1986-லும் இரண்டு சிறுமிகள் கொலை செய்யப்பட்டிருந்தார்கள். 17 வயது வாலிபன் ஒருவன் ஒரு கொலையைத் தான் செய்ததாக ஒப்புக்கொண்டான். போலீசார் ஜெஃப்ரிஸிடம் போனார்கள்.

அவர் சோதித்தார். இரண்டு கொலைகளையும் செய்தவன் ஒரே ஆள். ஆனால் அவன் இந்த வாலிபன் அல்ல!

குற்றத்தை ஒப்புக்கொண்டவனே நிரபராதி என்று ஆயிற்று. பிறகு ஏறக்குறைய 5 ஆயிரம் ஆண்களைச் சோதித்தார்கள். உண்மைக் கொலைகாரன் தனக்குப் பதிலாக வேறோர் ஆளை ரத்தம் கொடுக்க அனுப்பியிருந்தான்! அந்த ரகசியம் வெளிப்பட்டு 1987-ல் அவன் பிடிபட்டான். 1988-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

டி.என்.ஏ. தன் முதல் கொலை வழக்கில் செய்த முதல் வேலை, குற்றவாளியைப் பிடித்தது அல்ல, நிரபராதியைக் காப்பாற்றியது. இதை மறக்கக்கூடாது.

நம் நாட்டில் இந்தக் கலையை வளர்த்தவர் டாக்டர் லால்ஜி சிங். ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ்காந்தி கொல்லப்பட்ட வழக்கிலும் அவருடைய முறை உதவியது. 2017-ல் அவர் காலமானார்.

மூன்று பதில்கள்

சோதனை முடிந்ததும் நிபுணர் மூன்றில் ஒரு பதிலைத்தான் சொல்ல முடியும்.

"பொருந்தவில்லை." இது மிக உறுதியான பதில். மாதிரி சரியாக இருந்தால், ஓர் இடத்தில் தெளிவாக எண் வேறுபட்டாலும் சந்தேகம் வந்துவிடும். பல இடங்களில் வேறுபட்டால் அந்த ஆள் அல்ல என்று தள்ளிவிடலாம்.

"பொருந்துகிறது." எல்லா எண்களும் ஒத்துப் போகின்றன. ஆனால் இதோடு நிறுத்தக்கூடாது. இதே எண்கள் வேறு ஒருவருக்கும் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கும் சொல்ல வேண்டும்.

"சொல்ல முடியாது." மாதிரி கெட்டுப்போயிருக்கலாம். போதாமல் இருக்கலாம். நம் ஊர் வெயிலும் ஈரமும் டி.என்.ஏ.க்குப் பெரிய எதிரிகள். 9, 13 இருக்க வேண்டிய இடத்தில் 13 மறைந்துபோய் 9 மட்டும் தெரியும். அப்போது "தெரியவில்லை" என்று சொல்வதுதான் நேர்மை.

கலந்த நெல்

இரண்டு வயல் நெல்லை ஒரே களத்தில் கொட்டிவிட்டால் பிரிக்க முடியுமா? இரண்டு பேருடைய ரத்தமோ எச்சிலோ கலந்துவிட்டால் அந்தக் கஷ்டம்தான்.

ஓர் இடத்தில் 9, 12, 13, 15 என்று நான்கு எண்கள் தெரிகின்றன. அப்படியென்றால் குறைந்தது இரண்டு பேர். யாருக்கு எது?

9-ம் 12-ம் ஒருவருக்கு, 13-ம் 15-ம் மற்றவருக்கு இருக்கலாம். 9-ம் 13-ம் ஒருவருக்கு, 12-ம் 15-ம் மற்றவருக்கு இருக்கலாம். 9-ம் 15-ம் ஒருவருக்கு, 12-ம் 13-ம் மற்றவருக்கும் இருக்கலாம். ஓர் இடத்துக்கே மூன்று வழி! 20 இடங்களுக்கு எத்தனை வழி ஆகும்?

மூன்று பேர், நான்கு பேர் கலந்தால் சிக்கல் இன்னும் பெருகும். இங்கேதான் நிபுணருக்கு நிபுணர் முடிவு மாறக்கூடும். ஆகவே, சந்தேகப்படும் ஆளின் எண்களைப் பார்ப்பதற்கு முன்பே மாதிரியின் எண்களைப் படித்து எழுதிவிட வேண்டும். ஆளைப் பார்த்துவிட்டுப் படித்தால், மனம் வேண்டியதையே பார்க்கும்.

லட்சத்தில் ஒருவர்

இன்னொரு பெரிய தவறு கணக்கில் நடக்கிறது.

மாதிரி பாதி கெட்டுவிட்டது. சில இடங்களைத்தான் எண்ண முடிந்தது. "இந்த எண்கள் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு இருக்கும்" என்கிறார் நிபுணர். இது சரி.

உடனே ஒருவர், "அப்படியானால் இவர் நிரபராதியாக இருக்க லட்சத்தில் ஒரு பங்குதான் வாய்ப்பு!" என்கிறார். இது தவறு!

ஏன்? 2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தஞ்சாவூர் மாவட்டத்தில் சுமார் 24 லட்சம் பேர். லட்சத்துக்கு ஒருவர் என்றால், மாவட்டத்தில் மட்டும் 24 பேருக்கு இதே எண்கள் இருக்கலாம். அந்த 24 பேரில் ஒருவர்தான் பிடிபட்டவர். வேறு சாட்சியம் இல்லாவிட்டால் அவரை மட்டும் எப்படிக் குற்றவாளி என்பது?

எல்லா இடங்களையும் எண்ண முடிந்தால், கணக்கு பல நூறு கோடியில் ஒன்று என்று போகும். அப்போது அது மிக வலுவான சாட்சியம். ஆனால் அண்ணன் தம்பிகளுக்குள் எண்கள் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். அதையும் பார்க்க வேண்டும்.

40 குற்றம் செய்த பெண்!

ஜெர்மனியில் ஒரு விந்தை நடந்தது. 1993-லிருந்து நடந்த சுமார் 40 குற்றங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சு என்று மூன்று நாடுகளில்! கொலை, திருட்டு, எல்லாவற்றிலும் அவள்தான். 2007-ல் ஹைல்பிரான் நகரத்தில் ஒரு பெண் போலீஸ் கொல்லப்பட்ட இடத்திலும் அவள் அடையாளம். 3 லட்சம் யூரோ பரிசு அறிவித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை.

2009-ல் உண்மை வெளியாயிற்று. மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளைப் பெட்டியில் போட்ட தொழிற்சாலைப் பெண்ணின் டி.என்.ஏ. அது! பாவம், அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை.

சோதனை சரியாகத்தான் நடந்தது. "யாருடையது" என்ற கேள்விக்குச் சரியான பதில்தான் வந்தது. "எப்படி வந்தது" என்று யாரும் பல ஆண்டுகள் கேட்கவில்லை.

கயிறு கழன்றது

மறுபடி சுருளி அருவி வழக்குக்கு வருவோம்.

சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா ஆகிய மூவரும் வழக்கை ஆராய்ந்தார்கள். நம் மூன்றாவது கேள்வியை அவர்கள் கேட்டார்கள். மாதிரி சோதனைச்சாலைக்கு எப்படி வந்தது?

எடுத்த மாதிரி யார் கையில் இருந்தது? எங்கே வைத்திருந்தார்கள்? ஏன் இத்தனை தாமதம்? யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? அரசுத் தரப்பின் ஆதாரங்களில் இவற்றுக்குத் திருப்தியான பதில் இல்லை. மாதிரி கெட்டிருக்கவோ கலந்திருக்கவோ முடியாது என்று உறுதி சொல்ல வழியில்லை. மற்றச் சாட்சியங்களும் நிற்கவில்லை.

2025-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி தீர்ப்பு வந்தது. விடுதலை! தூக்குத் தண்டனை கேட்டு 7 ஆண்டுகள் கழித்து அவர் விடுதலை ஆனார்.

ஒரு பக்கம் இது மகிழ்ச்சி. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. 14 ஆண்டுகளுக்குப் பிறகு, கொலை செய்தவர் இவர்தான் என்று சட்டப்படி யாரையும் காட்ட முடியாமல் போயிற்று. மாதிரியைச் சரியாகக் காக்காததால் நஷ்டம் ஒரு தரப்புக்கு மட்டும் அல்ல. இரண்டு தரப்புக்கும்தான்.

இதற்கு முன்பு, டெல்லி சாவ்லா பெண் கொலை வழக்கிலும் இப்படி நடந்தது. தூக்குத் தண்டனை பெற்ற மூன்று பேரை 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு விடுதலை செய்தது. அங்கே மாதிரிகள் போலீஸ் நிலையக் கிடங்கில் 11 நாட்கள் கிடந்தன. டி.என்.ஏ. முடிவு எந்த அடிப்படையில் வந்தது என்பதைக் கீழ்க்கோர்ட்டுகள் ஆராயவில்லை என்றும் நீதிபதிகள் சொன்னார்கள்.

நான்கு கட்டளைகள்

சுருளி வழக்குத் தீர்ப்பிலேயே, நாடு முழுவதற்கும் சுப்ரீம் கோர்ட்டு நான்கு கட்டளைகள் இட்டது.

1. மாதிரியை எடுத்ததும் சரியாகப் பொதிந்து, வழக்கு எண், போலீஸ் நிலையம், அதிகாரி பெயர் எல்லாம் எழுத வேண்டும். டாக்டர், விசாரணை அதிகாரி, பொதுச் சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும்.

2. எடுத்த 48 மணி நேரத்துக்குள் சோதனைச்சாலையில் சேர்க்க வேண்டும். அது விசாரணை அதிகாரியின் பொறுப்பு. தாமதமானால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

3. வழக்கு முடியும்வரை, கோர்ட்டின் அனுமதி இல்லாமல் பொட்டலத்தைத் திறக்கவோ, மாற்றவோ, மறுபடி முத்திரை வைக்கவோ கூடாது.

4. மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு ஒரு பதிவேடு வேண்டும். தண்டனையோ, விடுதலையோ, வழக்கு முடிகிறவரை அது இருக்க வேண்டும்.

பார்த்தால் சின்ன விஷயங்கள். கையெழுத்து, தேதி, முத்திரை, பதிவேடு. பாங்கியில் நகை அடகு வைத்தால் நாமே இவ்வளவையும் பார்த்துத்தானே வாங்குகிறோம்? ஓர் உயிருக்குப் பார்க்க வேண்டாமா?

நாம் செய்யக்கூடியது

விபரீதம் எதுவும் யார் வீட்டிலும் நடக்க வேண்டாம். நடந்துவிட்டால், போலீசார் வருகிறவரை அந்த இடத்தில் கை வைக்காதீர்கள். தரையைக் கழுவாதீர்கள். கூட்டம் கூடி மிதிக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் அணிந்திருந்த துணியைத் துவைத்துவிடாதீர்கள். ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் கெட்டுவிடும். நிழலில் உலர்த்திக் காகிதத்தில் பொதிவதே முறை. அதைத் தெரிந்தவர்கள் செய்யட்டும்.

கோர்ட்டில் "டி.என்.ஏ. பொருந்திவிட்டது" என்று செய்தி வந்தால், அன்றே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். மூன்று கேள்விகளையும் கேளுங்கள். யாருடையது? அங்கே எப்படி வந்தது? சோதனைச்சாலைக்கு எப்படி வந்தது?

திருக்காட்டுப்பள்ளி டீக்கடைக்குத் திரும்புவோம். இந்தக் கேள்விகளைக் கேட்கிற அதிகாரி கிடைத்தால், நம் விவசாயி மறுநாள் காலையில் வழக்கம்போல் டீ குடித்துவிட்டு வயலுக்குப் போவார். டம்ளரை எடுத்துப் போனவன் யார் என்று அந்த அதிகாரி தேடத் தொடங்குவார். கேட்காத அதிகாரி கிடைத்தால், விவசாயி சிறையில் இருப்பார். திருடன் அடுத்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். டி.என்.ஏ. வந்த பிறகும் அந்தச் சொல் பழையதாகிவிடவில்லை!